டெரிக் ஜார்மனின் ‘ப்ளூ’: வீட்டுத் திரையில் நீலம் சரியாக வர

79 நிமிடம். ஒரே நிறம். முகம் இல்லை, ஊர் இல்லை, ஒரு வெட்டுகூடக் கண்ணுக்குப் படாது. எய்ட்ஸால் பார்வை போவதைப் பற்றிப் பேசும் குரல்கள் மட்டும். பிரிட்டிஷ் இயக்குநர் டெரிக் ஜார்மனின் ‘ப்ளூ’ (1993) படத்தின் வட்டை முதல்முறை போடுகிறவர்களில் பலர் இரண்டாவது நிமிடமே எழுந்துபோய் எச்.டி.எம்.ஐ. கேபிளை அழுத்திப் பார்ப்பார்கள். சிக்னல் இல்லாதபோது சில டிவிகள் காட்டும் நீலமும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும் என்பதால் அவர்கள்மேல் குற்றமில்லை. கேபிள் சரியாகத்தான் இருக்கிறது. சரியில்லாதது பெரும்பாலும் டிவியின் அமைப்புகள்தான். இந்த மதிப்புரையில் பாதி அதைப் பற்றியதாக இருக்கப்போகிறது.

எடுத்துக்கொண்ட பொருள், பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2019-ல் வெளியிட்ட ‘ஜார்மன் வால்யூம் டூ: 1987–1994’ என்ற ப்ளூ-ரே பெட்டி. ‘தி லாஸ்ட் ஆஃப் இங்கிலாந்து’ முதல் ‘கிளிட்டர்பக்’ வரை ஜார்மனின் கடைசிக்காலப் படங்கள் இதில் இருக்கின்றன. அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது 1986 டிசம்பர் 22 அன்று. இறந்தது 1994 பிப்ரவரி 19. பெட்டியில் உள்ள படங்கள் எல்லாம் இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவிலோ, அதற்குப் பின்னோதான் வெளிவந்தன. ‘ப்ளூ’வைத் தனியாக வாங்கலாமே என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. அந்த மனிதர் எத்தனை விதமாகப் படம் காட்டத் தெரிந்தவர் என்று பார்த்தபிறகு, அவரே எல்லாப் படத்தையும் எடுத்துவிட்டு ஒரு நிறத்தை மட்டும் விட்டுவைப்பதைப் பார்க்கும்போது அதன் கனமே வேறு.

ஜார்மன் அடிப்படையில் ஓவியர். லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் படித்தவர். கென் ரஸ்ஸலின் ‘தி டெவில்ஸ்’ (1971) படத்துக்கு அரங்கம் அமைத்ததுதான் சினிமாவுக்குள் அவர் வந்த வழி. பாப் குழுக்களுக்கு வீடியோ எடுத்தார், நாட்குறிப்பு எழுதினார், டன்ஜனஸ் கடற்கரையின் கூழாங்கல்லில் அணு உலைக்கு எதிரே தோட்டம் போட்டார். தன்பாலீர்ப்பாளர் என்பதையோ, தொற்று இருப்பதையோ மறைக்காதவர். ஒருபாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’ உள்ளாட்சி அமைப்புகளுக்குத் தடைபோட்ட 28-வது பிரிவு 1988-ல் சட்டமானபோது அதை எதிர்த்துத் தெருவில் நின்றார். ‘எட்வர்ட் II’ (1991) படத்தில் அரசனுக்கு ஆதரவாக வரும் கூட்டத்தில் இருப்பவர்கள் ‘அவுட்ரேஜ்’ என்ற தன்பாலீர்ப்பாளர் உரிமை அமைப்பின் நிஜப் போராட்டக்காரர்கள். 1992-ல் மான்செஸ்டரில் ‘குயர்’ என்று ஒரு ஓவியக் கண்காட்சி வைத்தார். எய்ட்ஸ் பற்றி மலிவுப் பத்திரிகைகள் போட்ட முதல் பக்கங்களை ஒளிநகல் எடுத்து வரிசையாக ஒட்டி, மேலே சாயத்தைக் குழைத்து அப்பி, அதில் சொற்களைக் கீறிய படங்கள். அந்தக் கையும் ‘ப்ளூ’வை எடுத்த கையும் ஒன்றே.

மற்ற வட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. ‘தி லாஸ்ட் ஆஃப் இங்கிலாந்து’ சூப்பர் 8 என்ற வீட்டு உபயோகச் சிறு ஃபிலிமில் எடுத்து 35 மி.மீ.க்குப் பெரிதாக்கப்பட்டது. சூப்பர் 8 உறையில் 50 அடிச் சுருள், மொத்தம் 3,600 சட்டகங்கள். நொடிக்கு 18 வீதம் ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடியில் தீர்ந்துவிடும். ஜார்மன் தம் சூப்பர் 8 படங்களில் பலமுறை நொடிக்கு 6 சட்டகம், அதற்கும் குறைவு என்று எடுத்து, அதே மெதுவில் திரையிட்டு மறுபடி பதிவுசெய்வார். 6 என்றால் ஒரு சுருள் 10 நிமிடம் வரும். காசும் மிச்சம், அசைவும் கனவில் நடப்பதுபோலத் துண்டுதுண்டாக வரும். ஆகவே மணல்மணலாகத் தெரிவதும் வெட்டிவெட்டி நகர்வதும் வட்டின் குறை இல்லை. டிவியில் இரைச்சல் நீக்கம் (நாய்ஸ் ரிடக்‌ஷன்), அசைவு மென்மையாக்கம் (மோஷன் ஸ்மூத்திங்) இரண்டையும் அணைக்காமல் இந்தப் படத்தைப் போட்டால் மெழுகுப் பொம்மைகள் வழுக்கிக்கொண்டு போவதுபோல இருக்கும். ‘தி கார்டன்’ (1990) படத்திலும் இதே கதை; அதில் வீடியோவும் கலந்திருக்கிறது.

‘விட்கன்ஸ்டைன்’ (1993) கறுப்புத் திரைச்சீலைக்கு முன்னால் ஆட்களை மட்டும் நிறுத்தி எடுத்தது. கறுப்பு அளவை ஏற்றி வைத்திருக்கும் டிவியில் அந்தக் கறுப்பு சாம்பலாகி, நாடக ஒத்திகை மாதிரி ஆகிவிடும். ‘வார் ரெக்வியம்’ (1989) உரையாடலே இல்லாமல், இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் இசையை அப்படியே ஓடவிட்டு அதற்குமேல் கட்டிய படம். லாரன்ஸ் ஒலிவியர் கடைசியாகத் திரையில் தோன்றியது இதில்தான். பெட்டியிலேயே எந்த டிவியிலும் நன்றாகத் தெரிவது ‘எட்வர்ட் II’. புதிதாக வருகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். ‘ப்ளூ’விலிருந்து தொடங்குவது சமையல் தெரியாதவர் நேராக உப்புப் பார்ப்பதுபோல.

வாங்குமுன் ஒன்று பார்க்க வேண்டும். இந்த நிறுவனத்தின் வட்டுகள் பெரும்பாலும் ‘பி’ மண்டலப் பூட்டு உள்ளவை, அதாவது அந்த மண்டலத்து பிளேயரில் மட்டுமே ஓடும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவில் விற்கும் பிளேயர்கள் ‘பி’, இந்தியாவில் ‘சி’, சிங்கப்பூர், மலேசியாவில் ‘ஏ’. எல்லா மண்டலமும் ஏற்கும் பிளேயர் இல்லாவிட்டால் பெட்டி அலமாரிக்கு அழகுதான்.

இனி நீலத்துக்கு வருவோம்.

டிவித் திரையில் நீலம் மிகவும் ஏழை நிறம். எச்.டி. வீடியோவின் வண்ணக் கணக்கில் வெள்ளையின் வெளிச்சம் 100 என்றால் அதில் பச்சையின் பங்கு 72, சிவப்பு 21, நீலம் 7 மட்டும். அதாவது திரை முழுக்க உச்ச நீலம் நிரம்பினாலும் வெள்ளைத் திரையின் பதினான்கில் ஒரு பங்கு வெளிச்சம்தான் வரும். அறையில் ஒரு விளக்கு எரிந்தால் போதும், படம் கழுவிப்போய்விடும். இருட்டு என்றால் முழு இருட்டு வேண்டும். கைபேசித் திரை, பிளேயரின் சிறு விளக்கு, ரௌட்டரின் மினுக்கல் எல்லாம் கண்ணை இழுக்கும். ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவது நல்லது.

அடுத்த எதிரி ‘கண் பாதுகாப்பு’. மடிக்கணினி, டேப்லெட், சில மானிட்டர்களில் சூரியன் மறைந்ததும் நீல ஒளியைக் குறைக்கும் வசதி தானாக இயங்கத் தொடங்கும். நீல ஒளியைத் தவிர வேறொன்றும் இல்லாத படத்தை நீல ஒளி வடிகட்டி வழியாகப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ! ஊதாவும் சாம்பலும் கலந்த ஏதோ ஒன்று தெரியும். இணையத்தில் ‘படம் மங்கல்’ என்று படித்தால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி போட்டிருப்பவர்கள் அதையும் கவனிக்க வேண்டும்.

டிவியில் சுற்றுப்புற ஒளியுணரி, மின்சேமிப்பு, தானியங்கி மாறுபாடு மூன்றையும் அணைத்துவிட்டு ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ நிலையில் வைக்கவும். அந்த நிலையில் திரை சற்றே மஞ்சளடித்ததுபோலத் தோன்றும்; நீலப் படம்தானே என்று நிற வெப்பத்தைக் ‘குளிர்’ பக்கம் தள்ளத் தோன்றும். தள்ள வேண்டாம். அந்த ‘வெது’ (வார்ம்) நிலைதான் படத்துக்கு வண்ணம் பார்த்தவர்கள் பயன்படுத்தும் வெள்ளைக்கு நெருக்கமானது.

ஓ.எல்.இ.டி. திரைகளில் ஒரு விசேஷத் தொல்லை உண்டு. சில நிமிடங்களுக்குத் திரையின் சராசரி வெளிச்சம் மாறாமலே இருந்தால், ஒரே படம் நின்றுவிட்டது என்று டிவி முடிவுகட்டி, திரை பழுதாகாமல் காக்க வெளிச்சத்தை மெதுவாக இறக்கும். மற்ற எந்தப் படத்திலும் இது அரிதாகவே நேரும். ‘ப்ளூ’வில் நேராமல் இருக்க வழியே இல்லை. இறங்குவது அவ்வளவு மெதுவாக நடப்பதால் இயக்குநர் வேண்டுமென்றே நீலத்தை இருட்டாக்குகிறார் என்று பார்ப்பவர் நம்பிவிடுவார்; பார்வை போவதைப் பற்றிய படம் வேறு, சந்தேகமே வராது. ஒலியளவுப் பொத்தானை ஒருமுறை அழுத்தித் திரையில் பட்டை தோன்றி மறைந்தால் வெளிச்சம் சட்டென்று திரும்பும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்படி அழுத்திக்கொண்டிருப்பதும் கொடுமைதான். தொடக்கத்திலேயே வெளிச்ச அளவைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துக்கொண்டால் இறக்கம் அவ்வளவாக உறுத்தாது. திரையில் தழும்பு விழுமோ என்ற பயம் வேண்டாம். தழும்பு விழுவது ஓரிடம் மட்டும் அதிகம் உழைப்பதால். இங்கே எல்லாப் புள்ளியும் ஒரே அளவு உழைக்கிறது.

எல்.சி.டி. டிவிகளில் வெளிச்சம் இறங்காது, ஆனால் திரையின் அழுக்கெல்லாம் வெளியே வரும். ஒரே நிறத்தால் நிரம்பிய திரை என்பது டிவி சோதிப்பவர்கள் பயன்படுத்தும் சோதனைப் படமேதான். மூலைகளில் கசியும் வெளிச்சம், நடுவே புகைபோன்ற திட்டுகள், பக்கவாட்டில் உட்கார்ந்தால் நீலம் வெளுத்துப்போவது எல்லாம் தெரியும். நேர் எதிரே உட்காருவதுதான் மருந்து. எத்தனை தூரத்தில் என்றால், திரையின் அகலம் எவ்வளவோ அவ்வளவு. மிஞ்சினால் ஒன்றரை மடங்கு. இது ஜன்னல் வழியே பார்க்கும் படம் இல்லை, உள்ளே உட்காரும் படம். அந்த வகையில் புரொஜெக்டர் எல்லாவற்றையும்விட மேல். சுவரில் திட்டு இருந்தாலும், திரும்பி வரும் ஒளி அறையையும் எதிரே இருப்பவர் முகத்தையும் நீலமாக்கும். அது டிவியில் பாதிகூடக் கிடைக்காது.

இணைய ஒளிபரப்பில் பார்ப்பது கடைசி வழி. அசையாத படம் என்பதால் சுருக்கும் நிரல் அதற்கு மிகக் குறைந்த தரவைத்தான் ஒதுக்கும். ஃபிலிமின் மெல்லிய துகளாட்டம் முழுக்கத் துடைக்கப்பட்டு பெயிண்ட் அடித்த பலகைபோல ஆகும். சில நொடிகளுக்கு ஒருமுறை முழுச் சட்டகம் புதிதாக வரும்போது மட்டும் துகள் திடீரென்று தோன்றி மறுபடி கரையும். இந்தச் சீரான துடிப்பு ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அது மட்டுமே தெரியும். வட்டில் அந்தத் துடிப்பு இல்லாமல் துகள் உயிரோடு இருக்கிறது என்பதே, இவ்வளவு செலவழித்து ஒரு நிறத்தை வாங்குவதற்குப் போதுமான நியாயம்.

பழைய டிவிடி வைத்திருப்பவர்கள் ஓடும் நேரத்தைப் பார்க்கவும். 76 நிமிடம் என்றால் அது நொடிக்கு 24 சட்டகப் படத்தை 25-ஆக வேகப்படுத்திய ஐரோப்பிய டிவிடி முறை. நீலம் நீலமாகத்தான் இருக்கும். குரல் 4 சதவீதம் வேகமாகி, முக்கால் சுரத்தானம் அளவுக்குச் சுருதி ஏறிவிடும். குரலை நம்பியே நிற்கும் படத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

ஏனென்றால் படம் உண்மையில் காதில்தான் நடக்கிறது. ஜார்மன், நைஜல் டெர்ரி, ஜான் குவென்டின், டில்டா ஸ்வின்டன் நால்வரும் பேசுகிறார்கள். சைமன் ஃபிஷர் டர்னர் இசையும் ஒலியும் கட்டியிருக்கிறார். மணியோசை, தெரு, ஆஸ்பத்திரி, கடல் என்று இடங்கள் மாறுவதெல்லாம் ஒலியிலேயே. 1993 செப்டம்பர் 19 அன்று சேனல் 4 டிவியும் பிபிசி ரேடியோ 3-ம் இதை ஒரே நேரத்தில் ஒலிபரப்பின. டிவிக்குப் படம், வானொலிக்கு நல்ல ஸ்டீரியோ ஒலி. ஆகவே டிவியோடு வரும் சின்ன ஸ்பீக்கரில் கேட்பது படத்தில் பாதியை அணைத்துவிடுவதற்குச் சமம். இரண்டு நல்ல ஸ்பீக்கர் போதும். போலிச் சுற்றொலி, ‘இரவு நிலை’, ‘குரல் தெளிவு’ எதுவும் வேண்டாம். அவை முணுமுணுப்பையும் இரைச்சலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஹெட்ஃபோன் தனியாகப் பார்க்கிறவர்களுக்குச் சரி. ஜார்மன் தலைக்குள் பேசுவதுபோல இருப்பதை எல்லோராலும் 79 நிமிடம் தாங்க முடிவதில்லை.

சப்டைட்டில் பற்றி ஒரு கண்டிப்பு. போடவே கூடாது. இருட்டு நீலத்தில் வெள்ளை எழுத்து வந்தால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், நீலம் வெறும் பின்னணியாகிவிடும். ஆங்கில உச்சரிப்பைத் தொடர முடியாது என்று நினைப்பவர்கள் முதல்முறை சப்டைட்டிலோடு ஓட்டி உரையைப் படித்துவிட்டு, இன்னொரு நாள் அதை அணைத்துவிட்டுப் பார்க்கலாம். உரை தனி நூலாகவும் வந்திருக்கிறது. காதில் விழும் இறந்துபோன நண்பர்களின் பெயர்கள் கதாபாத்திரங்கள் அல்ல. அவற்றுக்கு முகம் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இந்த நீலம் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு பாதி உண்மைகள் உலவுகின்றன. ஒன்று, பார்வை போனதால்தான் இப்படி எடுத்தார் என்பது. ஃபிரெஞ்சு ஓவியர் ஈவ் க்ளைனுக்கு அஞ்சலியாக ஒரு நீலப் படம் எடுக்கும் எண்ணம் ஜார்மனுக்கு 1970களிலேயே இருந்தது. நோய் அந்த எண்ணத்துக்கு உள்ளடக்கம் கொடுத்தது. இன்னொன்று, க்ளைன் நீலத்துக்குக் காப்புரிமை வாங்கினார் என்பது. 1960 மே 19 அன்று அவர் செய்தது, செய்முறையை ஒரு முத்திரை உறையில் பதிவு செய்து தேதியை நிலைநாட்டியது மட்டும். அல்ட்ராமரைன் என்ற நீலப் பொடியை எண்ணெயில் குழைத்தால் மினுப்பு வந்து இருண்டுவிடும். பாலிவினைல் அசிடேட் பிசினில் குழைத்ததால் பொடியின் வறட்சியும் உக்கிரமும் அப்படியே நின்றன. அந்தச் சாயத்தை எச்.டி. திரை முழுமையாகக் காட்ட முடியாது. அதன் நிறம் திரையின் எல்லைக்கு வெளியே விழுகிறது. இணையத்தில் அந்த நீலத்தின் சிவப்பு-பச்சை-நீல அளவாகக் கிடைக்கும் 0-47-167 என்ற எண்ணை வைத்து டிவியைத் திருத்த முயல்பவர்கள் வேறொரு பொருளைத் தேடுகிறார்கள். சாயம் ஒளியை வாங்கித் திருப்பித் தருவது. ஃபிலிமின் நீலம் ஒளியாகவே வருவது.

கடைசியாக ஒரு புகார். பிரகாசமான திரையில், குறிப்பாகப் புரொஜெக்டரில் பார்ப்பவர்கள் சொல்வது: “படத்தில் வெள்ளைப் புள்ளிகள் ஓடுகின்றன. பிரதி அழுக்கா?” திரையரங்கில் ஓடிய பழைய 35 மி.மீ. பிரதிகளில் தூசியும் கீறலும் உண்மையிலேயே தெரியும். வட்டில் தெரிவது அது இல்லை. பிரதியின் தூசி ஒரு சட்டகத்தில் பளிச்சிட்டு மறையும். இந்தப் புள்ளிகள் வளைந்த பாதைகளில், நாடித்துடிப்போடு உந்தி உந்தி ஓடும். பார்வையை நிலைநிறுத்தும் இடத்தில் மட்டும் இருக்காது. வட்டை நிறுத்திவிட்டு மதிய நேரத்து நீல வானத்தைப் பார்த்தால் அங்கேயும் ஓடும்.

அவை உங்கள் வெள்ளணுக்கள். விழித்திரையின் நுண்குழாய்களில் ஓடும் சிவப்பணுக்கள் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கின்றன. நடுவே வரும் வெள்ளணு உறிஞ்சாமல் விட்டுவிடுவதால் அந்த இடைவெளி வெளிச்சப் புள்ளியாகத் தெரிகிறது. பார்வையின் மையத்தில் இரத்தக்குழாய் இல்லை, அதனால் அங்கே புள்ளியும் இல்லை. கண் மருத்துவத்தில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம் இது.

இதை ஜார்மன் நினைத்துச் செய்தார் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் படம் எதைப் பற்றியது என்று பாருங்கள். எச்.ஐ.வி. அழிப்பது வெள்ளணுக்களில் ஒரு வகையை. அவை தீர்ந்துபோனதும் சைட்டோமெகலோ வைரஸ் விழித்திரையைத் தின்னத் தொடங்கியது; ஜார்மனின் பார்வை போனது அப்படித்தான். அதற்கு நரம்பு வழியாக ஏற்றிய டி.எச்.பி.ஜி. என்ற மருந்தின் பக்கவிளைவுப் பட்டியலைப் படத்தில் வாசிக்கிறார்கள், நீளமாக, குரலில் ஒரு சிரிப்போடு. அந்த மருந்தின் முதன்மையான பக்கவிளைவும் வெள்ளணுக் குறைவுதான். கண்ணைக் காக்கும் மருந்து இரத்தத்தில் கை வைத்தது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, உங்கள் வெள்ளணுக்கள் உங்கள் விழித்திரையில் ஓடுவதை அவருடைய நீலத்தின்மேல் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எய்ட்ஸ் நோயாளியின் மெலிந்த உடலைப் புகைப்படமாகப் பார்த்துப் பரிதாபப்படுவது பழகிப்போயிருந்த காலத்தில், தம் உடலைக் காட்ட மறுத்தவர் அவர். காட்டியது கடைசியில் பார்க்கிறவரின் உடலை.

நடைமுறையில் இதற்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: திரையை அங்குமிங்கும் துழாவாமல் ஒரே இடத்தில் பார்வையை வைத்தல். பத்து நிமிடத்தில் நீலம் வெளிறி, ஓரங்கள் கரைந்து, சாம்பல்போல ஆகும். இதுவும் டிவியின் வேலை இல்லை. ஒரே தூண்டல் நீடித்தால் விழித்திரையின் பதில் தளர்கிறது. ஒருமுறை இமைத்தால் நீலம் திரும்ப வரும். வெளிச்சத்தைக் கூட்டப் போகாதீர்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. எழுதப்பட்ட உரையில் நடுப்பகுதி ஒன்று கவித்துவத்தில் தேங்குகிறது. நீலத்தை ஒரு வீரனாக உருவகிக்கும் இடங்கள் ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையின் எளிய விவரங்கள் முன் நிற்கவில்லை. ‘எய்ட்ஸுடன் வாழ்வது’ போன்ற கோஷங்களை அவர் உதறும் கசப்பு, அந்தக் காலத்து வாக்குவாதங்கள் தெரியாதவர்களுக்குப் புரியாமலும் போகலாம். அதற்காகவாவது பெட்டியில் ‘எட்வர்ட் II’வை முன்னால் பார்த்திருப்பது உதவும்.

படம் முடிந்ததும் விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர் மஞ்சளாகத் தெரியும். கண்ணின் நீல உணர்வு களைத்துப்போயிருப்பதால் வருவது. சில நிமிடத்தில் சரியாகும். அதே இரவில் ‘கிளிட்டர்பக்’ போடுவதாக இருந்தால் பத்து நிமிடம் பொறுங்கள், இல்லாவிட்டால் 1970களின் லண்டன் முழுக்க மஞ்சள் காமாலை பிடித்திருக்கும்.